கூத்துக்களமும் நாடக வகுப்பும்



ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் நான் இழைத்த பிழையொன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். தமிழ் நாடக வரலாற்றை 1891ஆம் ஆண்டிலிருந்தே கற்பித்து வந்தேன். சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்ததும், பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவியதும் அவ்வாண்டில்தான். கரும்பலகையில் எழுத வசதியான ஆண்டு! செஞ்சிக்கு அண்மையிலுள்ள வல்லத்திலிருந்து வந்து பயின்ற மாணவன் ஒருவன், "ஐயா, எங்கள் ஊர்க் கூத்து நாடகத்தில் சேராதா?" என்று வினவினான். அது பாமரர் பொழுதுபோக்கு எனக் கூறி அவனை அமர்த்திவிட்டேன்.

அவனோ விடவில்லை. கோடை விடுமுறையில் அவ்வட்டாரத்துத் திரௌபதியம்மன் விழா ஒன்றிற்கு என்னை அழைத்துச் சென்றான். அப்பகுதி மக்கள் மேலச்சேரிக் கோயிலையே திரௌபதியம்மனின் தாய்க்கோயிலாகப் போற்றுவர். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதப் பாடல்களுக்குப் பொருள் விரித்தார். இரவில் அக்கதையே கூத்தாயிற்று. இருவர் துணித்திரை பிடித்து நிற்க, அதன் பின்னிருந்து துரியோதனன் தன் பெருமையைத் தானே பாடினான். கட்டியக்காரன் குறுக்கிட்டு, அவன் யாரென வினவி நகைத்தான். மன்னனுக்கு ஏவலாளும் அவனே. காண்போர் சார்பில் கேள்வி கேட்பவனும் அவனே. சேக்சுபியரின் விதூடகரைப் பற்றி நூல் நூலாகப் படித்துப் பாடம் சொன்ன எனக்கு, இவன் அதுவரை கண்ணில் படவில்லை.

இறுதி நாளில் அரங்கே மாறிவிட்டது. வெட்டவெளியில் மண்ணாலாகிய துரியோதனன் பேருருவாய்க் கிடந்தான். பட்டப்பகலில் வீமன் அவன் தொடையில் அடித்தான். திரௌபதி விரித்த கூந்தலை முடித்தாள். சூழ நின்ற பெண்டிர் கண்ணீர் உகுத்தனர். மாலையில் தீமிதி. முன்னிரவுகளில் காண்போராய் அமர்ந்திருந்தவருட் சிலர் இப்போது தீயில் இறங்கினர். பழங்கிரேக்க நாடகத்தில் மரணம் பெரும்பாலும் அரங்கிற்கு அப்பால் நிகழும். தூதன் வந்து உரைப்பான். அந்த அளவுகோலுக்குப் படுகளம் அடங்காது. இரவு பகலாகி, மேடை வயலாகி, காண்போர் பங்கேற்போராகும் அம்மாற்றமே கதையின் உச்சம். கூத்து நூலை அச்சில் மட்டும் படிப்பவர்க்கு இது புலப்படாது.

ஆதலின் நாடகம் கற்பிப்போர், உரையாடலை ஆராயுமுன் எங்கே, எப்பொழுது, எவர்முன் என்று கேட்டல் வேண்டும். இளங்கோவடிகள் இதனை அறிந்தவர். அரங்கேற்று காதையில், ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதென அரங்கை அளந்து காட்டுகிறார். மூவகை எழினியையும் கூறுகிறார். கூத்தின் துணித்திரை அவ்வெழினியின் நேர் வாரிசு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். இடைப்பட்ட நூற்றாண்டுகளுக்குச் சான்று காட்டுவது வரலாற்று மாணவன் கடன். ஊர்ப்பற்று சான்றாகாது.

விடுமுறை கழிந்து நாடகப் பாடம் வந்தபோது நான் 1891 என எழுதவில்லை. வல்லத்து மாணவனை எழுப்பி, கட்டியக்காரன் வருகையை நடித்துக் காட்டச் சொன்னேன். நாணத்துடன் எழுந்து வந்தவன், என் மேசை விரிப்பை எடுத்து இருவர் கையில் கொடுத்துத் திரையாகப் பிடிக்கச் சொன்னான்.