காலைச் சாப்பாட்டை யார் செய்தார்கள்?

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். கோயம்புத்தூரில் நர்ஸாக வேலை. "டீச்சர், காலையில 6 மணிக்கே நான் டூட்டிக்குக் கெளம்பிருதேன். அவருக்கும் ஷிப்ட். மக மூணாவது படிக்கா. அவளே அவல நனைச்சு, தேங்காய்ப்பூ போட்டு, தம்பிக்கும் குடுத்துட்டு ஸ்கூலுக்குப் போறா. அத்தை ஊர்ல இருந்து வந்தவங்க, 'எந்தக் காலத்துல இப்படி இருந்துச்சு? பெத்தவ எந்திரிச்சு நாலு இட்லி அவிச்சுப் போட வேண்டாமா?'ன்னு கேட்டுட்டாங்க. நான் பண்றது தப்பா டீச்சர்?" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"யோசிச்சு எழுதுதேன்மா" என்றேன். அவள் பெயரைச் சொல்லாமல் எழுத அவளிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். அவள் அத்தை கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்வோம். எந்தக் காலத்தில் இப்படி இருந்தது?

சங்க காலத்திலேயே இருந்தது. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு பாட்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் வயல் சூழ்ந்த ஊர் ஒன்று வருகிறது. உழைத்து உழைத்துக் கை உரமேறிய வேலையாட்கள். அவர்களுடைய செல்லப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்குப் பழைய சோற்றைத் தின்று தின்று அலுத்துவிட்டது. என்ன செய்கிறார்கள்? புது வைக்கோல் வேய்ந்த குடிசை வாசலில் உலக்கையைப் போட்டு அவல் இடிக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் கிளிகள் வெருள்கின்றன என்று புலவர் சொல்கிறார்.

பழைய சோறு, அது அலுத்துப்போன பிள்ளைகள், மாற்றாக அவல். சுமார் 2,000 வருடத்துக்கு முந்தைய பாட்டு. என் மாணவியின் மகள் உலக்கை பிடிக்கவில்லை, பாக்கெட்டைப் பிரித்தாள். மற்றபடி வித்தியாசம் அதிகமில்லை.

அவலில் ஒரு சூட்சுமம் உண்டு. நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடித்துத் தட்டையாக்குகிறோம். அப்போதே பாதி வெந்துவிடுகிறது. அதனால் பிறகு தண்ணீர் மட்டும் போதும், அடுப்பு வேண்டாம். குசேலர் கந்தலில் முடிந்து கொண்டுபோனதும் வழிப்பயணிகள் மூட்டை கட்டியதும் அவலாக இருந்ததற்குக் காரணம் அதுதான். குழந்தை கையில் கொடுக்கலாம், பயமில்லை.

சரி, அந்த நாலு இட்லிக்கு வருவோம். இட்லி பழைய பண்டம்தான். கன்னடத்தில் 920ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்ட 'வட்டாராதனை'யில் 'இட்டலிகெ' என்ற பெயர் வருகிறது. ஆனால் தினமும் காலையில் இட்லி என்பது நம் கிராமத்து வீடுகளுக்குப் புதிது. நான் 1960இல் எட்டயபுரத்துப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் இட்லி என்றால் தீபாவளி, பொங்கல், இல்லாவிட்டால் மாப்பிள்ளை விருந்து. ஆட்டுக்கல்லில் உளுந்தாட்டத் தெம்பும் நேரமும் வேண்டுமே. காட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது தினமும் ஆகிற காரியமா? கோயம்புத்தூர் கிரைண்டர் வீட்டுக்கு வீடு வந்த பிறகுதான் இட்லி அன்றாடப் பலகாரம் ஆனது.

காபியும் அப்படித்தான். பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தலைப்பிலேயே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். நீராகாரம் இருந்த இடத்தில் காபி வந்து உட்கார்ந்தபோது நம்மவர்கள் எவ்வளவு புலம்பினார்கள் என்பது அதில் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் காலையைச் சொல்கிறேன். அம்மா ராத்திரியே கம்மஞ்சோற்றை உருண்டை பிடித்துப் பானைத் தண்ணீரில் போட்டுவிடுவாள். விடியும்போது அவள் பருத்தி எடுக்கப் போயிருப்பாள். நாங்கள் நாலு பேர். பெரிய அக்கா உருண்டையை எடுத்துக் கரைப்பாள், அண்ணன் மோர் ஊற்றுவான், உப்புப் போடுவது என் வேலை, வெங்காயம் உரிப்பது தம்பி. எனக்கு அப்போது 6 வயது. "குழந்தைகள் தாங்களே காலை உணவு தயாரித்தார்கள்" என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. அது சாப்பாடு, அவ்வளவுதான்.

ஆகவே அந்த அத்தைக்கு என் பதில்: எந்தக் காலத்திலும் இப்படித்தான் இருந்தது அம்மா. வேலைக்குப் போகிற தாய் வீட்டில் பிள்ளைகள் கரைத்துத்தான் குடித்தார்கள்.

இந்த இடத்தில் பதிவை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வரலாற்றைப் பாதி சொல்வது பொய் சொல்வதற்குச் சமம் என்று வகுப்பில் உங்களுக்குச் சொன்னவள் நான். மீதியையும் சொல்லவேண்டும்.

பானையில் உருண்டை இல்லாத வீடுகளும் இருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் 1920இல் சென்னை மாநகராட்சி ஒரு தீர்மானம் போட்டது. பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலம். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். 1956இல் எங்கள் பக்கத்து எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். 1960களில் அமெரிக்காவின் 'கேர்' அமைப்பு அனுப்பிய மக்காச்சோள மாவில் மஞ்சள் உப்புமா கிண்டுவார்கள். என் வயதுக்காரர்களுக்கு அந்த மணம் இப்போதும் மூக்கில் நிற்கும். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். நான் அடுத்த வருடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

இவ்வளவும் மத்தியானத்துக்கு. காலை வயிறு மட்டும் கணக்கில் வரவே இல்லை. திங்கட்கிழமைப் பிரேயரில் யாராவது ஒரு பிள்ளை சுருண்டு விழாத மாதம் என் சர்வீஸில் குறைவு. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்தபோது நான் ஓய்வுபெற்று நாலு வருடம் ஆகியிருந்தது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. டிவியில் பிள்ளைகள் பொங்கலும் கிச்சடியும் சாப்பிடுவதைப் பார்த்து அழுதேன். ஏன் அழுதேன் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

1996. நாலாம் வகுப்பு. ஒரு பெண் தினமும் பத்து, பதினைந்து நிமிடம் தாமதம். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். நான் கண்டிப்பான டீச்சர், உங்களுக்கே தெரியும். வாசலுக்கு வெளியே நிற்க வைப்பேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படி நடந்தது. ஒருநாள் நிற்கும்போதே கண் சொருகி விழுந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பி, சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் அம்மா விடியற்காலை 5 மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் போய்விடுவாள். அப்பா இல்லை. ஒண்ணாவதில் ஒரு தம்பி, நடைபழகுகிற ஒரு தங்கச்சி. 9 வயதுப் பெண் எழுந்து, தண்ணீர் பிடித்து, கஞ்சியைக் கரைத்து, இரண்டு பேருக்கும் கொடுத்து, தங்கச்சியைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். சட்டியில் எப்போதும் இரண்டு பேருக்குத்தான் இருந்திருக்கிறது.

அவள் அம்மா என்னிடம் கோபப்படவில்லை. "நீங்க படிச்சுக் குடுக்குறதுக்குத்தான டீச்சர் அடிக்கீங்க" என்றாள். நான் அடிக்கவில்லை, நிற்க வைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டும் ஒன்றுதான். ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியலில் நல்ல மார்க் வாங்கியவள் நான். "காலையில என்ன சாப்பிட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்க அங்கே எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நானாகவும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து ஓய்வுபெறும்வரை வருகைப்பதிவுக்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டேன். என் மேஜை டிராயரில் பொட்டுக்கடலையும் வெல்லமும் இருந்தது இப்படித்தான் தொடங்கியது.

போன வாரம் போன் செய்தவள் அந்தப் பெண்தான்.

இப்போது உனக்கு என் பதில், மகளே. நீ 9 வயதில் செய்ததும் உன் மகள் 8 வயதில் செய்வதும் ஒன்றல்ல. நீ செய்யாவிட்டால் மூன்று வயிறும் காய்ந்திருக்கும். உன் மகள் வீட்டில் அவல் டப்பா நிறைந்திருக்கிறது. அவள் செய்யாத நாளில் செய்துபோட நீயோ அவள் அப்பாவோ இருக்கிறீர்கள். உன்னுடையது சுமை. அவளுடையது பழக்கம். அடையாளம் ஒன்று சொல்கிறேன்: தம்பிக்குக் கொடுத்துவிட்டு அவளும் சாப்பிடுகிறாளா? சாப்பிட்டால் நீ நல்ல தாய். இதில் தப்பு எங்கே இருக்கிறது?

ஒன்று மட்டும். தம்பி கொஞ்சம் வளர்ந்ததும் அவனையும் கிண்ணம் எடுக்கச் சொல். எங்கள் வீட்டில் அண்ணனும் தம்பியும் செய்தார்கள், ஒன்றும் குறைந்துபோகவில்லை.

கேட்கப்போகிற மற்றவர்களுக்காக, அடுப்பும் கத்தியும் வேண்டாத நாலு:

1. மெல்லிய அவலை வடிகட்டியில் அலசினால் போதும். கெட்டி அவல் கால் மணி நேரம் ஊறட்டும். துருவிய தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும், அல்லது தயிரும் உப்பும். தேங்காயை முதல் நாளே துருவி வைத்துவிடுங்கள்.

2. பழைய சோறு. ராத்திரி ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். காலையில் பிள்ளையே பிசைந்து மோர் ஊற்றிக்கொள்ளும். உரித்த சின்ன வெங்காயம் போதும். நாற்றம் வந்தால் கொட்டிவிட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

3. கேழ்வரகுக் கூழை முந்தின நாள் நீங்கள் காய்ச்சி வையுங்கள். கரைப்பது மட்டும் பிள்ளை வேலை.

4. வாழைப்பழம், பொட்டுக்கடலை, வெல்லம். 5 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொட்டுக்கடலையைப் பொடித்துக் கொடுங்கள், புரையேறும்.

கடைசியாக, இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிற என் ஆசிரிய மாணவர்களுக்கு. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் பசி நிற்பதில்லை. தாமதமாக வருகிற பிள்ளையை நிற்க வைக்கும் முன்னால் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். எனக்கு அதைக் கேட்கப் பதின்மூன்று வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகவேண்டாம்.

உங்கள் வீட்டில் சின்ன வயதில் காலையில் யார் கரைத்தது? கீழே எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்