சிரிக்கத் தெரிந்தால் போதுமா?

"என்னடா, படத்தைப் பார்த்து முழிக்கிறே?"

நூலகத்தில் எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் கேட்டது இன்னும் காதில் ஒலிக்கிறது. வில்லியனூர்க்காரனான நானும் பாகூர் நண்பனும் பாரதியாரின் 'இந்தியா' வார இதழில் வந்த கருத்துப்படம் ஒன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணும் புரியலை சார்."

"எப்படிப் புரியும்? அது விடுகதை மாதிரி. விடை சரித்திரத்துல இருக்கு" என்றார்.

'இந்தியா' 1906-ல் சென்னையில் தொடங்கியது. தமிழில் அரசியல் கருத்துப்படங்களுக்கு வழிகாட்டிய இதழ் அது. 1905-ன் வங்கப் பிரிவினை, வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல், 1907 டிசம்பரில் சூரத் காங்கிரசில் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் பிரிந்தது ஆகியவற்றை அறியாதவருக்கு அந்தப் படங்கள் வெறும் கோடுகள்தாம். இதழ் நடத்தியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பல படங்களுக்கு விளக்கமும் சேர்த்தே அச்சிட்டார்கள்.

படத்துக்கு வெளியே இருக்கும் ஒரு செய்தியும் நமக்குத் தெரிய வேண்டும். 1908-ல் சென்னையில் கைது நடவடிக்கை தொடங்கியதும் பாரதியார் புதுவைக்கு வந்தார். அக்டோபரில் இதழும் இங்கிருந்து வெளிவந்தது. இது பிரெஞ்சு மண். ஆங்கிலேயர் போலீசுக்கு இங்கே அதிகாரம் இல்லை. இன்று முள்ளோடையை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டுகிறோம். அன்று அதைத் தாண்டினால் சிறை! ஆனால் வாசகர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழையத் தடை வந்ததால் 1910-ல் 'இந்தியா' நின்றுபோனது. எல்லை ஆளைக் காப்பாற்றியது, பத்திரிகையைக் காப்பாற்றவில்லை.

அந்த எல்லையின் கதை முடிந்ததும் நம் வில்லியனூர் கொம்யூனில்தான். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள்.

சுதந்திர நாட்டிலும் கதை தொடர்ந்தது. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்து ஒரு ஜோக் வந்தது. ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே சில நாட்களில் விடுதலை. சட்டமன்ற உரிமை மீறல் என்றால் என்னவென்று தெரியாதவருக்கு, 'ஒரு ஜோக்குக்கா ஜெயில்?' என்றுதான் தோன்றும்.

மாணவத் தம்பி தங்கைகளே! நாளைக் காலை பேப்பரில் கார்ட்டூனைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் இவர்? நேற்று என்ன நடந்தது? இதை வரைந்தவருக்கு என்ன ஆபத்து? விடை தெரிந்த பிறகு சிரித்துப் பாருங்கள். அந்தச் சிரிப்புக்கு ருசியே தனி.