தேவதைகளின் பங்கும் எங்கள் பங்கும்

சங்ககிரி லாரி ஊர். எங்கள் வளவில் லாரி ஓனர் எவருமில்லை, கிளீனர்கள் உண்டு. என் சித்தப்பா மகன் ஸ்பிரிட் டேங்கரில் கிளீனராகப் போனவன். "தண்ணியாட்டம் வெள்ளையா எறக்குவோம்ணா, அந்தப்பக்கம் விஸ்கியா வெளிய வருது" என்றான். எத்தனை வருசம் ஊற வைப்பார்கள் என்று கேட்டேன். சிரித்தான். "வருசமா? நாள் கணக்குத்தான்."

அமெரிக்காவின் பர்பன் விஸ்கிக்குச் சட்டமே இருக்கிறது. தானியத்தில் 51 விழுக்காடாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் பாத்திரத்தில்தான் ஊற வேண்டும். நிறம் சேர்க்கக் கூடாது. வழக்கமான பீப்பாய் ஒன்றில் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். வெயிலில் சாராயம் மரத்துக்குள் ஏறும், குளிரில் இறங்கும். வருசத்துக்கு நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு ஆவியாகிவிடும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தேவதைகளின் பங்கு'. அந்த ஆவியைத் தின்று வளரும் கரும்பூஞ்சை ஒன்று கிடங்கைச் சுற்றியுள்ள வீட்டுச் சுவர், கூரை, மரம் எல்லாவற்றிலும் கரி பூசினாற்போலப் படிகிறது. கென்டக்கியில் குடியிருப்பவர்கள் இதற்காகக் கோர்ட்டுக்கே போனார்கள். தேவதைகள் குடித்த மிச்சம் இது.

காய்ச்சியது யார்? ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் 1797ல் சாராய ஆலை தொடங்கியது. 1799ல் சுமார் 11,000 கேலன் ரை விஸ்கி வடித்தார்கள். ஹேன்சன், பீட்டர், நேட், டேனியல், ஜேம்ஸ், டிமோத்தி என்ற ஆறு அடிமைகள் அங்கே வேலை செய்தனர். அவர்கள் பெயர் நமக்குத் தெரிவது, சொத்துக் கணக்கில் எழுதி வைத்ததால். டென்னசியில் நியரெஸ்ட் கிரீன் என்ற கறுப்பின அடிமை, ஜாக் டேனியல் என்ற வெள்ளைக்காரப் பையனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். உலகமெங்கும் பாட்டிலில் ஒட்டியிருப்பது பையனின் பெயர். குருவின் பெயரைக் கம்பெனி முன்னுக்குக் கொண்டுவந்தது 2016ல்.

அங்கே பெயர் மறைந்தது. இங்கே நம் பெயர் மறையவில்லை, போலீஸ் கேஸ் கட்டில் பத்திரமாக இருந்தது.

ராஜாஜி 1925ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' பத்திரிகை நடத்தினார். சங்ககிரியும் நாமக்கல்லும் ஒரே ஜில்லாவில் இருந்த காலம். முதலமைச்சரானதும் 1937 அக்டோபர் 1ல் அந்தச் சேலம் ஜில்லாவில்தான் முதலில் மதுவிலக்கு வந்தது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி போட்டார்.

என் அவ்வா இதைச் சொல்லும்போது பொய் கலக்கமாட்டாள். "கள்ளுக்கடைய மூடுனப்ப கூலி முழுசா ஊடு வந்துச்சு சாமி. அத மறைக்கப்படாது. ஆனா ஊறல் புடிக்கறேன்னு வந்தவன் மொதல்ல நம்ம வளவுலதான் பானைய ஒடச்சான். பண்ணாடி தோட்டத்துக்குள்ள பூரல. அங்கயும் காய்ச்சுனது நம்மாளுதான், புடிபட்டதும் நம்மாளுதான்." புள்ளிவிவரம் இல்லையே என்பார்கள். பானை உடைத்ததற்கு எவன் ரசீது கொடுத்தான்?

நம் தலைவர்களும் இதில் ஒரே பக்கம் நிற்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் மதுவிலக்கு கேட்டவர். அம்பேத்கரின் ஷெட்யூல்டு காஸ்ட் ஃபெடரேஷன் 1951 தேர்தல் அறிக்கையில் மதுவிலக்கைக் கைவிடச் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நாம் ஒன்றை மட்டும் படித்துவிட்டுச் சண்டை போடுகிறோம்.

1971ல் கடை திறந்தது, பிறகு மூடியது, திரும்பத் திறந்தது. 1983ல் டாஸ்மாக் வந்தது, 2003ல் சில்லறைக் கடையும் அரசின் கைக்கு வந்தது. மோகனூர் கூட்டுறவு ஆலை போலச் சர்க்கரை ஆலைகள் தங்களோடு டிஸ்டில்லரியும் வைத்தன. கரும்பிலிருந்து சர்க்கரை போக மிஞ்சும் மொலாசஸில் தண்ணீரும் ஈஸ்ட்டும் விட்டு நொதிக்க வைத்து, உயரமான செம்புக் கோபுரங்களில் வடித்தால் 95 விழுக்காட்டு ஸ்பிரிட். ஒரு டன் மொலாசஸில் 200 லிட்டருக்கு மேல் கிடைக்கும். அதில் தண்ணீர் விட்டு 42.8க்கு இறக்கி, வாசனையும் கேரமல் நிறமும் சேர்த்தால் நம்மூர் மலிவு விஸ்கி. பீப்பாயும் இல்லை, தேவதையும் இல்லை.

பங்கு மட்டும் உண்டு. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்குப் பத்து லிட்டருக்குமேல் கழிவு வரும், ஸ்பென்ட் வாஷ் என்பார்கள். காப்பி நிறம், புளித்த நாற்றம். பள்ளமான நிலம் யாருடையது என்று இந்தப் பத்திரிகையின் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை.

டேங்கர் வேலையை விட்டபிறகு தம்பி ஒரு ஆலையில் காண்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்தான். நொதிக்கிற தொட்டியைக் கழுவ இறக்கிவிட்டார்கள். நொதிக்கும்போது வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனம், அடியிலேயே தங்கும். இரண்டாவது படியிலேயே கண் இருட்டியிருக்கிறது. கயிறு கட்டியிருந்ததால் இழுத்துப் போட்டார்கள். காண்ட்ராக்டர் நோட்டில் 'குடித்துவிட்டு மயங்கினான்' என்று எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டான். ஒன்பதாவது வரை படித்த தம்பிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று அங்கே யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று நாள் கூலி பாக்கி இன்னும் வரவில்லை.