அத்தோ: ஊர் திரும்பியவங்க கொண்டுவந்த ஊர்

பாரிமுனையில, பர்மா பஜார் பக்கம் போனவங்க அத்தோ சாப்பிட்டிருப்பீங்க. ஆரஞ்சு கலர் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், புளித்தண்ணி, மேல நொறுக்கிப் போட்ட பேஜோ. கரண்டி கிடையாது, கடைக்காரர் கையாலேயே பிசைவார். பேரே அதுதான். பர்மிய மொழியில கையால கலந்து செய்யற சாலட் வகைக்குத்தான் அந்தப் பேர். இன்னிக்கு நாம பேசப்போறது அதை இங்க கொண்டுவந்தவங்களப் பத்தி.

1962-ல பர்மாவுல ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடிச்சார். 1964-ல கடைகள் அரசுடைமை. அதே வருஷம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிப்பு. பர்மா தமிழர்னாலே செட்டியார் வட்டிக்கடைன்னு நமக்கு ஒரு நினைப்பு. ஆனா துறைமுகக் கூலி, வயல் வேலை, சின்னக் கடைன்னு பிழைச்சவங்க ஏராளம். பலர் பிறந்ததே அங்கதான். சேர்த்ததை விட்டுட்டு மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினாங்க.

அரசாங்கக் காகிதத்துல அவங்க 'தாயகம் திரும்பியோர்'. எனக்கு உறுத்தற வார்த்தை இது. பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்பறது? அகதின்னு சொல்லிக்கக்கூட அந்தக் காகிதம் இடம் தரல.

சிலருக்கு இங்க ஒட்டவே இல்ல. பர்மாவுக்கே போயிடலாம்னு மணிப்பூர் எல்லை வரைக்கும் போனாங்க. அந்தப் பக்கம் உள்ள விடல. எல்லையில இருந்த மோரேவுலயே தங்கி, அங்காளபரமேஸ்வரிக்குக் கோயில் கட்டி, இட்லி தோசை வித்தாங்க.

சென்னையில தங்கினவங்களுக்கு 1969-ல பர்மா பஜார் வந்தது. பக்கத்துலயே தள்ளுவண்டிகள். சமையல் படிச்சவங்க இல்ல, நாக்குல இருந்த ஞாபகத்தை வெச்சுப் பிசைஞ்சவங்க. ருசியும் இடத்துக்கேத்த மாதிரி வளைஞ்சது. மொஹிங்கான்னு பர்மாவோட காலைச் சாப்பாடு ஒண்ணு இருக்கு: மீன் குழம்புல வாழைத்தண்டு போட்டு, அரிசி நூடுல்ஸ் மேல ஊத்தறது. நம்ம அத்தோ கடையில மீன் கழண்டுக்கிச்சு, வாழைத்தண்டு மட்டும் சூப்பா நிக்குது. யாங்கோன்காரர் சாப்பிட்டா 'இது எங்களோடது இல்ல'ன்னு சொல்லலாம். சொல்லட்டும். மீன் இல்லாட்டி என்ன, தண்டை விடலையே!

பாரிமுனைக் கூட்டம் வேண்டாம்னா வியாசர்பாடி போங்க. பர்மாவுலேர்ந்து வந்த குடும்பங்கள் குடியேறின இடம் அதுவும். சாயங்காலமா போங்க, பசியோட போங்க. சூப் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க.