முறுக்குக் கம்பியின் கதை: அம்பாசடர், ஆவடி டாங்கி, ஒரு பழைய சஃபாரி

துணி பிழியும்போது கவனிச்சிருக்கீங்களா? நல்லா முறுக்கிட்டு ஒரு கையை விட்டா, அது தானா திரும்பிச் சுத்தும். துணிக்குப் பதிலா நீளமான உருக்குக் கம்பியை வைங்க. ஒரு முனையைச் சேசிஸில் அசையாமல் பூட்டி, மறுமுனையைச் சக்கரத்தைத் தாங்கும் கையோடு இணைச்சா, அதுதான் டார்ஷன் பார். சக்கரம் மேடேறினால் கம்பி முறுக்கிக்கும். இறங்கினால் பழைய நிலைக்குத் திரும்பும். சுருளும் கிடையாது, பட்டையும் கிடையாது.

ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பின்னாடி வந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இந்தக் கம்பிகள் மேலேதான் ஓடியது. 1934ல் பிரான்ஸில் சிட்ரோயனின் ட்ராக்ஷன் அவான்ட் கார் இதோடு வந்தது. (நம்ம மேட்டூர் அணை திறந்ததும் அதே வருஷம்தான். சும்மா ஒரு காலக்கணக்குக்குச் சொன்னேன்.) 1948ல் இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மாரிஸ் மைனரிலும், கூடவே வந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் முன்சக்கரங்களுக்கு டார்ஷன் பார்.

இங்கேதான் கதை நம்ம வீட்டுக்குள்ள வருது. அந்த ஆக்ஸ்ஃபோர்டு வம்சத்தில் மூன்றாவது வரிசைக் காரைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் அம்பாசடர் ஆக்கியது. தஞ்சாவூர், கும்பகோணம் டாக்ஸி ஸ்டாண்டுகளில் வரிசையா நின்ன வெள்ளை வண்டிகளுக்கு அடியில், முன்பக்கத்திலிருந்து பின்னோக்கி இரண்டு கம்பிகள் படுத்திருக்கும். கல்யாணத்துக்கு எட்டுப் பேரை அடைச்சுக்கிட்டு வெண்ணாத்தங்கரை ரோட்டில் குலுங்கிப் போனபோது, முன்பக்கத்தைத் தாங்கினது அதுங்கதான். 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்னது.

இன்னொரு கிளை ஆவடிக்குப் போகுது. 1965ல் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கிக்கும் டார்ஷன் பார்தான். பிறகு அங்கே தயாரான டி-72 அஜேயாவுக்கும் அதேதான். டாங்கியில் கம்பிகள் தரையோட அடியில் குறுக்கே படுத்துக்கும். உயரத்தில் கொஞ்சம் இடம் பிடிக்கும், ஆனா உள்ளே இருப்பதால் நேரடிக் குண்டடி எளிதில் படாது. ஒரே இடத்தில் ரெண்டு கம்பி படுக்க முடியாதே! அதனால பல டாங்கிகளில் இடப்பக்கச் சக்கரமும் வலப்பக்கச் சக்கரமும் நேருக்கு நேர் இருக்காது, சற்று முன்பின்னா இருக்கும். அடுத்த தடவை எங்கேயாவது நினைவுச் சின்னமா நிக்கிற டாங்கியைப் பார்த்தா கவனிங்க.

அப்புறம் 1998ல் டாடா சஃபாரி, 2000ல் டொயோட்டா குவாலிஸ், 2004ல் செவ்ரோலெ டவேரா. மூணுக்கும் முன்னாடி இதே கம்பி. இன்னிக்கு டெல்டாவில் கைமாறும் பழைய வண்டிகளில் இவையும் உண்டு.

திருவையாறு பக்கம் விவசாயம் பார்க்கும் நண்பர் ஒருவர் அப்படி ஒரு பழைய சஃபாரி வாங்கினார். முன்பக்கம் இடதுபுறம் ரெண்டு விரக்கடை தாழ்ந்திருந்தது. ஒரு பட்டறையில் நாலு ஷாக் அப்சார்பரையும் மாத்தச் சொன்னாங்க. குறுவை நடவுக்கு வச்சிருந்த காசு அது. ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்கும். வண்டியைத் தூக்கிப் பிடிப்பது அதன் வேலை இல்லை. அம்பாசடர் காலத்து மெக்கானிக் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.

"தம்பி, முதல்ல காத்து சரியா இருக்கான்னு பாருங்க. அப்புறம் அளக்கலாம்"னார்.

சக்கரத்தோட நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் பிடிச்சார். எங்க ஊரில் சமதரை கிடைக்கிறது கஷ்டம். நெல் காயவைக்கிற களம்கூடத் தண்ணி வடிய வாட்டம் வச்சுத்தான் போட்டிருக்கும். அதனால வண்டியை அப்படியே எதிர்த்திசையில் திருப்பி நிறுத்தி மறுபடி அளந்தார். சாய்வு பக்கம் மாறினா தரையில் கோளாறு, மாறலைன்னா வண்டியில். மாறலை. பின்பக்க ஸ்பிரிங், புஷ், பால் ஜாயிண்ட் எல்லாம் பார்த்தார். பின் ஸ்பிரிங் ஒருபக்கம் தளர்ந்தாலும் முன்பக்கம் சாய்ஞ்ச மாதிரிதான் தெரியுமாம்.

அப்புறம்தான் கம்பி. அதன் பின்முனையில் ஒரு கை, அதைத் தாங்க ஒரு போல்ட். பழைய நிலைக்குப் பெயிண்ட் அடையாளம் வச்சு, சேசிஸில் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டு வச்சு, சக்கரம் தொங்கி கம்பியின் பாரம் குறைஞ்ச பிறகே போல்ட்டைத் தொட்டார். ரெண்டு சுத்து. இறக்கி, கொஞ்சதூரம் ஓட்டி, மறுபடி அளவு. சரியாச்சு. கடைசியா வீல் அலைன்மெண்ட். உயரம் மாறினா சக்கரத்தோட சாய்வும் மாறும், விட்டுட்டா டயர் ஒருபக்கமா தேயும்.

இதில் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. போல்ட்டை முறுக்கினா கம்பி கெட்டியாகாது. கெட்டித்தனம் அதன் பருமனிலும் நீளத்திலும் இருக்கு. பருமன் இரட்டிப்பானால் விறைப்பு 16 மடங்கு. போல்ட் மாத்துறது நிற்கும் உயரத்தை மட்டும்தான். உயரமா நிக்கணும்னு அளவுக்கு மேல முறுக்கினா, பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இடமில்லாம போய் வண்டி தூக்கிப் போடும். இடது கம்பியை வலதுக்கும் போடக்கூடாது. ஒவ்வொண்ணும் ஒரு திசையில் முறுக்குப் பழகினது. கம்பியில் கீறல் விழுந்தாலும் ஆபத்து, விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். போல்ட் முழுசா ஏறியும் உயரம் வரலைன்னா கம்பியை மாத்துறதுதான் வழி.

2012ல் வந்த சஃபாரி ஸ்டார்மில் முன்பக்கமும் சுருள் ஸ்பிரிங் ஆயிடுச்சு. சுருளில் திருகிச் சரிபண்ண இப்படியொரு போல்ட் பொதுவா கிடையாது. தளர்ந்தா மாத்த வேண்டியதுதான். அதனால புதுசா தொழில் கத்துக்கிற பசங்களுக்கு இந்த வேலை கைக்கு வர வாய்ப்பே குறைவு. பழைய வண்டி வாங்கப் போறவங்க பைக்குள்ள ஒரு டேப் வச்சுக்கங்க. விலை பேசறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க.