ஆடி நேர்ப்பட்ட வரலாறு

நேயர்களே, தொலைகாட்டி என்றதும் நம் நினைவுக்கு வருவது நீண்ட குழாயும் அதன் நுனியிற் பதித்த கண்ணாடி வில்லையுமே. எனினும், வானத்தைப் பொழுதுபோக்காக ஆராய்ந்தோரிற் பலர் கையாண்டது ஆடி கொண்டு அமைந்த தெறிதொலைகாட்டியாகும். பெரிய வில்லையை வாங்கக் கைநிறையப் பொருள் வேண்டும். ஆடியையோ பொறுமையுடையவர் தம் கையாலேயே தேய்த்து எடுத்துக்கொள்ளலாம். ஆயினும் தேய்த்து முடித்த ஆடி பாதித் தொலைகாட்டியே. அதனைக் குழாயினுள் உரிய நிலையில் நிறுத்துவது மற்றப் பாதி. ஆடி தேய்த்தவர்களின் புகழை நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆடியை நேர்நிறுத்தும் கலையோ பெரும்பாலும் அடிக்குறிப்பில் ஒதுங்கிவிட்டது. அக்கலையின் வரலாற்றையே இன்று கூற எண்ணுகின்றேன். அது நம் நாட்டின் கிழக்குக் கரையையும் ஒருமுறை தொட்டுச் செல்கின்றது.

1668 ஆம் ஆண்டில் ஐசாக் நியூற்றன் செய்த முதலாவது தெறிதொலைகாட்டி ஏறத்தாழ ஆறு அங்குல நீளமே உடையது. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த சிறிய குழிவாடியொன்று குழாயின் அடியில் இருந்தது. விண்மீனின் ஒளி அதிற் பட்டுத் திரும்பி மேனோக்கிக் குவியும். குவியும் இடத்திற் கண்ணை வைத்தால் நம் தலையே வரும் ஒளியை மறைத்துவிடும். ஆகவே குழாயின் வாய்க்கு அண்மையில் ஒரு சிறு தளவாடியை 45 பாகை சரிவில் நிறுத்தி, ஒளியைப் பக்கவாட்டாக வெளியே திருப்பினார் நியூற்றன். இன்று பொழுதுபோக்கு வானியலார் தாமே அமைத்துக்கொள்ளும் தொலைகாட்டிகளிற் பெரும்பாலானவை இவ்வமைப்பினவே.

இவ்வமைப்பு ஒரு தொல்லையைத் தீர்த்து இன்னொன்றைத் தந்தது. குழிவாடி, தளவாடி, கண்வில்லை ஆகிய மூன்றும் ஒரே அச்சுக்கு அடங்கி நிற்றல் வேண்டும். ஆடியை ஒரு பாகை சரித்தால் அதிலிருந்து திரும்பும் கதிர் இரண்டு பாகை சரியும் என்பது ஒளியியலின் பாலபாடம். ஏழடிக் குவியத்தூரமுள்ள ஆடியொன்று அரைப் பாகை சரிந்து நிற்குமாயின், ஒளி குவியும் இடம் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் விலகிப்போகும். அச்சிலிருந்து விலகிய விண்மீன் புள்ளியாகத் தோன்றாது. ஒருபுறம் கூர்த்து மறுபுறம் விரிந்து, வால்வெள்ளி போலக் காணப்படும். நிறுத்தியவர் கோணலாக நிறுத்தினாரெனின், வானத்திலுள்ள விண்மீன்கள் யாவும் வால் முளைத்தனவாகிவிடும்.

1721 இல் ஜோன் ஹாட்லி என்பவர் ஏறத்தாழ ஆறங்குல ஆடியுடைய தொலைகாட்டியொன்றைச் செய்து இலண்டன் அரச கழகத்தாரிடம் காட்டினார். ஐந்தடிக்குச் சற்று மிகுந்த அக்கருவியை, 123 அடித் தொலைவில் ஒளியைக் குவிக்கும் ஹைகன்சின் வில்லையோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒளி சிறிது குறைந்ததாயினும், பெரியது காட்டியவற்றைச் சிறியதும் காட்டிற்று. தெறிதொலைகாட்டி விளையாட்டுப் பொருளன்று என்பது அன்று உறுதியாயிற்று.

இனி வருபவர் வில்லியம் ஹேர்ஷல். 1738 இல் ஹனோவரிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய இவர், பாத் நகரில் ஒரு சிற்றாலயத்தின் இசைக்கலைஞர். பகலெல்லாம் மாணவர்க்கு இசை கற்பித்து, 1773 முதல் எஞ்சிய பொழுதில் ஆடி தேய்க்கலானார். மெருகிடும் வேளையிற் கையை எடுத்தால் ஆடியின் வடிவம் கெடும் என்பதால், ஒருமுறை பதினாறு மணிநேரம் கையெடாது தேய்த்தார் என்றும், தங்கை கரோலைன் அவருக்கு உணவை ஊட்டிவிட்டார் என்றும் கூறுவர். இக்கதையை எல்லோரும் சொல்வர். எனக்கோ அதனினும் வியப்பளிப்பது, அவ்வாடி குழாயினுட் புகுந்த பின்னர் நிகழ்ந்ததாகும்.

1781 மார்ச்சு 13 ஆம் நாள் இரவு, 6.2 அங்குல ஆடியும் ஏழடிக் குவியத்தூரமுமுடைய தொலைகாட்டியால் விண்மீன்களை ஒழுங்காகப் பார்த்துவந்த ஹேர்ஷல், ஒன்று மட்டும் மற்றவற்றைப் போலல்லாது தோன்றக் கண்டார். 227 மடங்கு உருப்பெருக்கத்தில் நோக்கியவர், பின் 460 மடங்கிலும் 932 மடங்கிலும் நோக்கினார். விண்மீன் எனின் பெருக்கத்துக்கு ஏற்ப விரியாது. இதுவோ விரிந்தது, ஆகவே இது வட்டத்தட்டுடைய பொருள். அவர் முதலில் அதனை வால்வெள்ளி என்றே அறிவித்தார். பின்னர் அது சனிக்கு அப்பாலுள்ள புதிய கோள் எனத் தெளிவாயிற்று. அதுவே யுரேனசு. இக்கோளை அதற்கு முன்னரே பிளாம்ஸ்ரீட் 1690 இற் கண்டு விண்மீனெனப் பதிந்திருந்தார். பிரான்சின் லெ மோனியேயும் பலமுறை கண்டு விண்மீனென்றே கொண்டார். அவர்கள் நோக்கியது விண்மீன்களின் இடங்களை அளத்தற்கே. ஹேர்ஷலோ ஒவ்வொரு விண்மீனின் உருவத்தையும் உற்று நோக்கினார். அவருடைய கருவி ஏனைய விண்மீன்களைச் சுத்தமான புள்ளிகளாகக் காட்டியமையாலேயே, புள்ளியல்லாத ஒன்று அவர் கண்ணிற் பட்டது. ஆடி கோணியிருப்பின் எல்லாமே மங்கி விரிந்திருக்கும். புதியது பழையவற்றுள் மறைந்திருக்கும்.

ஹேர்ஷலின் துணிவு இவ்வளவில் நிற்கவில்லை. அக்கால உலோக ஆடி தன்மேற் படும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே திருப்பித் தரும். பெரிய ஆடியில் ஒருமுறையும் தளவாடியில் ஒருமுறையுமாக இருமுறை பட்டால், கண்ணை அடைவது ஒன்பதில் நான்கு பங்கு, அதாவது பாதிக்கும் குறைவு. ஆகவே 1786 இல் தம் இருபதடித் தொலைகாட்டியின் தளவாடியையே அகற்றிவிட்டார்! 18.7 அங்குலம் அகன்ற பெரிய ஆடியைச் சற்றே சரித்து, ஒளி குழாயின் வாய் விளிம்பிற் குவியச் செய்து, அவ்விளிம்பிற் கண்வில்லையை வைத்து உள்ளே குனிந்து நோக்கினார். இழந்த ஒளி மீண்டது. விம்பம் ஒன்றரை மடங்கு ஒளிபெற்றது. 1787 ஜனவரி 11 இல், இதே அமைப்பினால் யுரேனசின் இரு துணைக்கோள்களையும் கண்டுபிடித்தார்.

ஆடியைச் சரித்தால் விண்மீனுக்கு வால் முளைக்கும் என்றீரே, ஹேர்ஷல் சரித்தபோது ஏன் முளைக்கவில்லை என நேயர்கள் வினவலாம். நல்ல வினா. முளைக்கத்தான் செய்தது, ஆனால் மிகச் சிறிதாக. அவருடைய ஆடியின் குவியத்தூரம் அதன் விட்டத்தைப் போல ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு. அத்துணை நீண்ட கருவியில் ஆடியை ஏறத்தாழ ஒரு பாகை சரித்தாற் போதும். அதனால் வருங் குற்றமும் சிறிது. குவியத்தூரத்துக்கும் விட்டத்துக்குமுள்ள விகிதம் பாதியாகுமாயின், குற்றமின்றித் தெளிவாகத் தெரியும் பரப்பின் அகலம் எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிடும். பழைய நீண்ட தொலைகாட்டி தன் எசமானின் கோணலைப் பொறுத்துக்கொள்ளும், குறுகியது பொறாது.

உலோக ஆடிக்கு மற்றொரு குறையும் உண்டு. அது கறுத்தால் மீண்டும் மெருகிடவேண்டும். மெருகிட்டால் வடிவம் மாறும். 1850 களின் பிற்பகுதியில் ஜேர்மனியின் ஸ்ரைன்ஹைலும் பிரான்சின் பூக்கோவும் கண்ணாடியைத் தேய்த்து அதன்மேல் மெல்லிய வெள்ளிப் படலத்தைப் பூசினர். வெள்ளி கறுத்தாற் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசலாம்; கண்ணாடியின் வடிவம் அப்படியே இருக்கும். இம்முறை இங்கிலாந்திற் பரவியபோது, ஹெரிபோட் நகரத்துப் பாடசாலை ஆசிரியரான ஜோர்ஜ் வித் என்பவர் தேய்த்த ஆடிகள் பெரும் புகழ் பெற்றன. பாடசாலையை நடத்திக்கொண்டு ஆடி தேய்க்கவும் அவர் எங்ஙனம் நேரங் கண்டார் என்பது, அத்தொழிலிலேயே நரைத்த எனக்கு விளங்காத புதிர்.

வித்தின் ஆடிகளைக் குழாயிலேற்றி விற்ற இலண்டன் வணிகர் ஜோன் பிறவுனிங், 1867 இல் தெறிதொலைகாட்டிக்காக வாதாடும் சிறு நூலொன்றை வெளியிட்டார். கருவியை நேர்நிறுத்தும் முறையும் அதிலே இடம்பெற்றது. வணிகர் தம் சரக்கைப் புகழ்வது இயல்பே. ஆயினும், அதுவரை ஆடி செய்தவரின் கையோடு நின்ற வித்தை அச்சேறிப் பொதுமக்களிடம் சென்றது பெரிய மாற்றம் என்பேன். வெள்ளிப் பூச்சைப் புதுப்பிக்குந்தோறும் ஆடியைக் கழற்றி மீண்டும் மாட்டவேண்டியிருந்தமையால், அது தெரியாதவர் அக்கருவியை வைத்திருக்கவே இயலாது.

அம்முறை இன்றும் மாறவில்லை, சுருங்கக் கூறுகின்றேன். பகலில் கண்வில்லையைக் கழற்றி, அது செருகப்படும் சிறுகுழாயை நடுவிலே துளையிட்ட மூடியால் மூடுக. துளையூடாக நோக்கினால் முதலிலே தளவாடி தெரியும். அது சிறுகுழாயின் வட்டத்துக்கு நடுவே வட்டமாகத் தோன்றவேண்டும். அடுத்துத் தளவாடியின் திருகுகளைத் திருப்பி, அதனுள்ளே தெரியும் பெரிய ஆடியின் விம்பம் முழுமையாக நடுவில் நிற்கச் செய்க. பெரிய ஆடியை இருக்கையிற் பிடித்திருக்கும் மூன்று பிடிகளும் ஒரே அளவாகத் தெரிந்தால் இது நிறைவேறிற்று எனக் கொள்ளலாம். கடைசியாக, குழாயின் அடியிலே பெரிய ஆடியைத் தாங்கும் மூன்று திருகுகளைத் திருப்பி, அவ்வாடியினுள்ளே தெரியும் தளவாடியின் கரிய உருவத்தை நடுவுக்குக் கொண்டுவருக. இவ்வொழுங்கு மாறலாகாது. தளவாடி கோணி நிற்கப் பெரிய ஆடியைத் திருத்துவது, ஒரு கோணலை மறைக்க இன்னொரு கோணலைச் செய்வதாகும்.

இரவில் விண்மீனே சாட்சி. உயர்ந்த உருப்பெருக்கத்தில் ஒரு விண்மீனை நடுவில் நிறுத்திக் கண்வில்லையைச் சற்று உள்ளே தள்ளினால், அது ஒன்றனுள் ஒன்றாக அமைந்த ஒளி வளையங்களாக விரியும். வளையங்கள் கொதிக்கும் நீர் போலத் துடித்தால் குற்றம் காற்றினது. அசையாது ஒருபுறமே நெருங்கிக் கிடந்தால் குற்றம் நிறுத்தியவரது. நேர்நிறுத்திய பின்னரும் உருவம் கெட்டிருந்தாலே ஆடியைக் குறை கூறலாம். இம்மூன்றையும் பிரித்தறியாதவர், நல்ல ஆடியைக் கெட்டதென எண்ணி மறுபடி தேய்த்துப் பாழாக்கவும் கூடும்.

இப்பொழுது திருகோணமலைக்கு வருவோம். பேர்சி மோல்ஸ்வேர்த் 1867 இல் கொழும்பிற் பிறந்தவர். இலங்கைப் புகையிரதப் பாதை அமைப்பிற் பெயர் பெற்ற பொறியியலாளர் ஒருவரின் மகன். பிரித்தானியப் படையின் பொறியியற் பிரிவில் அதிகாரியாகித் திருகோணமலையிற் பணியாற்றிய இவர், ஓய்வு நேரங்களிற் கோள்களை நோக்கினார். அவருடைய கருவி, இங்கிலாந்தின் ஜோர்ஜ் கால்வர் செய்த 12½ அங்குலத் தெறிதொலைகாட்டி.

அவ்வாண்டுகளில் வியாழன் வானத்தின் தென்பாகத்திற் சஞ்சரித்தது. 1901 இல் அது தனு விண்மீன் கூட்டத்தில் நின்றபோது, இலண்டனில் அடிவானிலிருந்து 15 பாகை அளவுக்கே ஏறிற்று. புகையும் மூடுபனியும் நிறைந்த தடித்த காற்றினூடாக நோக்கும் ஒருவருக்கு, ஆடி சிறிது கோணினும் கோணாவிடினும் பெரிய வேறுபாடு தெரியாது. திருகோணமலையிலோ அதே வியாழன் 58 பாகை உயரத்தில் நின்றது. அங்கே காற்றின்மேற் பழிபோட இடமில்லை. கருவி நேராக இருப்பின் வியாழனின் முகம் தெரியும். இல்லையெனின் அது நிறுத்தியவரின் பிழையே. அதனோடு, கடற்காற்று வெள்ளிப் பூச்சை விரைவிற் கறுக்கச் செய்யும் இயல்பினது. இத்தகைய கரையோரத்தில் வெள்ளி பூசிய ஆடியைக் கையாள்வதென்பது, கழற்றிப் பூசி மாட்டி நேர்நிறுத்தும் வேலையை மீண்டும் மீண்டும் செய்வதாகும்.

வியாழனின் முகத்திலுள்ள புள்ளியொன்று அதன் நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பதே மோல்ஸ்வேர்த்தின் முறை. வியாழன் பத்து மணிநேரத்துக்கும் குறைந்த பொழுதில் ஒருமுறை சுழல்வதால், ஒரு நிமிடத்தில் அரைப் பாகைக்கு மேல் நகர்ந்துவிடும். விம்பம் ஒருபுறம் இழுபட்டிருப்பின் நடுக்கோடு எதுவெனக் கண் தவறும், நேரமும் தவறும். அவர் இத்தகைய அளவீடுகளை ஆயிரக்கணக்கில் எடுத்தார். 1901 பெப்ரவரி 28 இல், வியாழனின் தென்பாகத்தில் முன்னர் இல்லாத கரிய புடைப்பொன்றைக் கண்டார். தென் அயனக் குழப்பம் என வானியலார் பெயரிட்ட அது, வளர்ந்து நீண்டு, பெருஞ் செம்பொட்டைப் பலமுறை கடந்து, 1930 களின் இறுதிவரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நிலைத்தது. மோல்ஸ்வேர்த் அதன் முடிவைக் காணவில்லை. 1908 இல் திருகோணமலையிலேயே காலமானார். செவ்வாய்க் கோளிலுள்ள பெரும் பள்ளமொன்று இன்று அவர் பெயரைத் தாங்குகின்றது.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1920 இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ரசல் போர்ட்டர், இயந்திரத் தொழிலாளருக்கு ஆடி தேய்க்கக் கற்பித்தார். அவ்வகுப்பைப் பற்றிய கட்டுரை 1925 இல் "சயன்ரிபிக் அமெரிக்கன்" இதழில் வந்ததும், வீட்டிலே தொலைகாட்டி செய்வோர் எங்கும் தோன்றினர். 1930 களில் வெள்ளியின் இடத்தை அலுமினியப் பூச்சு பிடித்தது. அது எளிதிற் கறுப்பதில்லையாதலால் ஆடியை அடிக்கடி கழற்றும் வேலை குறைந்தது. ஆனால் இன்று கடையிற் கிடைக்கும் தொலைகாட்டிகளிற் பல, மோட்டார் வண்டியில் ஏற்றுதற்காகக் குறுக்கப்பட்டவை. விட்டத்தின் நான்கு ஐந்து மடங்கே குவியத்தூரமுள்ள இவை, ஒருமுறை குலுங்கினாலும் திருத்தத்தை வேண்டும். லேசர்க் கதிர்கொண்டு நேர்நிறுத்தும் சிறு கருவிகள் விற்பனைக்குண்டு. அவை உதவும், எனினும் லேசர் கருவியே தன் உறையிற் கோணியிருப்பதும் உண்டு. ஆகையால், துளையிட்ட மூடியையும் விண்மீனையும் கைவிடலாகாது.

நம் நாட்டு இளைஞர்க்கு ஒன்று. மேனாட்டு நூல்கள் விண்மீன் சோதனைக்குத் துருவமீனைக் கொள்க என்னும். அது இடம்பெயராது நிற்பதே காரணம். ஆனால் துருவமீன் கொழும்பில் 7 பாகை உயரத்திலும் யாழ்ப்பாணத்தில் 10 பாகைக்குச் சற்றுக் குறைவாகவுமே நிற்கும். அடிவானக் காற்றில் அதன் வளையங்கள் ஓயாது துடிக்கும். ஆகவே தலைக்கு மேலாக நிற்கும் விண்மீனையே தெரிந்துகொள்க. அது நகர்ந்துகொண்டே இருக்குமாதலால், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்து பார்த்தல் வேண்டும். திருகையும் ஒருமுறைக்குக் காற்சுற்றுக்கு மேல் திருப்பவேண்டாம்.