நோயாளர் வழிநடத்தும் ஆய்வு

நோயாளர் வழிநடத்தும் ஆய்வு என்பது, கேள்வியை எழுப்புவதிலிருந்து தரவைத் திரட்டி முடிவை வெளியிடுவது வரை நோயாளிகளே முன்னின்று நடத்தும் மருத்துவ ஆராய்ச்சி முறை. வழக்கமான மருந்துச் சோதனையில் நோயாளிக்குக் கிடைப்பது ஒரு வரிசை எண் மட்டுமே. தான் விழுங்குவது மருந்தா, வெறும் மாவு மாத்திரையா என்பதுகூடப் பெரும்பாலும் அவருக்குச் சொல்லப்படுவதில்லை. அரிய நோய்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடப்பவர்களை ஓரிடத்தில் சேர்ப்பதற்கே ஆண்டுகள் ஓடிவிடும். சமூக ஊடகங்களும் கூட்டாகப் பணியாற்ற உதவும் இணையக் கருவிகளும் வந்தபின் அந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது.

இதன் முன்னோடிகளில் ஒன்றான ‘பேஷன்ட்ஸ்லைக்மீ’ தளம் ஒரு குடும்பத்தின் துயரத்திலிருந்து பிறந்தது. அமெரிக்கரான ஸ்டீஃபன் ஹேவுட்டுக்கு 1998இல், 29ஆம் வயதில், ஏ.எல்.எஸ். நோய் இருப்பது தெரியவந்தது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய் இது. இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங் இதே நோயுடன் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் என்றாலும் அது மிகப் பெரிய விதிவிலக்கு. பெரும்பாலோர் சில ஆண்டுகளில் இறந்துவிடுவார்கள். ஸ்டீஃபனின் சகோதரர்கள் ஜேமியும் பென்னும் நண்பர் ஜெஃப் கோலுடன் சேர்ந்து 2004இல் இந்நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் தாம் எடுக்கும் மருந்து, அதன் அளவு, பக்கவிளைவுகள் எல்லாவற்றையும் அதில் பதிவார்கள். பேச்சு, விழுங்குதல், எழுதுதல், படியேறுதல் என 12 கேள்விகளுக்குத் தமக்குத் தாமே மதிப்பெண்ணும் இடுவார்கள். முழு மதிப்பெண் 48. அது மாதாமாதம் சரிவதை ஒரு கோடு காட்டும்.

2008 பிப்ரவரியில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு பரபரப்பான முடிவை வெளியிட்டார்கள். லித்தியம் எடுத்துக்கொண்ட 16 ஏ.எல்.எஸ். நோயாளிகளில் 15 மாதங்களில் ஒருவரும் இறக்கவில்லை. லித்தியம் எடுக்காத 28 பேரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் இறந்திருந்தார்கள். லித்தியமோ மனநோய்க்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவரும் மலிவான மருந்து. டாக்டர் ஒருவர் மனம் இளகிச் சீட்டு எழுதினால் போதும். நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் முறையான சோதனை முடியட்டும் என்று பொறுத்திருக்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் லித்தியம் எடுக்கத் தொடங்கி, தம் நிலையைத் தளத்தில் பதிந்துவந்தார்கள்.

மாவு மாத்திரை இல்லாத இந்தச் சோதனையில் எதை எதோடு ஒப்பிடுவது? தளத்தின் ஆய்வாளர்கள் கண்ட வழி, பழைய பதிவுகளிலேயே இருந்தது. லித்தியம் எடுத்த ஒவ்வொருவருக்கும், அதற்கு முந்தைய மாதங்களில் அவருடையதைப் போன்ற வேகத்திலேயே நோய் முற்றிவந்த, லித்தியம் தொடாத உறுப்பினர்களைத் தேடி இணை சேர்த்தார்கள். இப்படி 149 பேரின் கோடுகள் ஒப்பிடப்பட்டன. ஓராண்டுக்குப் பிறகும் இரு தரப்பும் ஒரே வேகத்தில்தான் சரிந்தன. லித்தியத்தால் பயனில்லை என்ற இம்முடிவு 2011இல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ இதழில் வெளியானது. அதற்கு முன்பே, வழக்கமான முறையில் நடந்த ஒரு சோதனையும் பயனில்லை என்று பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது. மருந்து வேலை செய்யவேண்டும் என்று உயிரைக் கொடுத்து விரும்பியவர்களின் பதிவுகளே அது வேலை செய்யவில்லை என்று காட்டியதுதான் இந்த ஆய்வின் பெருமை.

எல்லாக் கூட்டமும் இப்படிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. கழுத்துச் சிரைகள் குறுகி இரத்த ஓட்டம் தடைபடுவதே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்று இத்தாலிய மருத்துவர் பாவ்லோ சம்போனி 2009இல் எழுதினார். அந்தச் சிரைகளை விரித்துவிடும் ‘விடுதலைச் சிகிச்சை’ பற்றிய பேச்சு, குறிப்பாகக் கனடாவில், ஃபேஸ்புக் குழுக்கள் வழியே தீயாகப் பரவியது. உள்ளூரில் செய்ய மறுத்ததும் நோயாளிகள் போலந்து, மெக்சிகோ, இந்தியா என்று பணம் கட்டிப் பறந்தார்கள். குணமானதாகச் சொன்னவர்களின் வீடியோக்கள் குவிந்தன; ஏமாந்தவர்களின் குரல் அந்த அளவுக்கு எழவில்லை. கடைசியில் சம்போனியே தலைமையேற்று நடத்திய சோதனை, இச்சிகிச்சையால் பயனில்லை என்று 2017இல் அறிவித்தது.

சர்க்கரை நோய் உலகில் கதை வேறு மாதிரி. அங்கே குறை மருந்தில் இல்லை, கருவியில் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவைக் காட்டும் கருவிகள் சந்தைக்கு வந்துவிட்டிருந்தன. ஆனால் அந்த எண்ணை, நோயுள்ள குழந்தையின் அருகில் இருப்பவர்தான் அப்போது பார்க்க முடிந்தது. பள்ளியில் மகன் மயங்கினால் அலுவலகத்தில் இருக்கும் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் ஜான் காஸ்டிக், 2013இல் கருவியிலிருந்து எண்களைக் கறந்து இணையத்துக்கு அனுப்ப வழி கண்டுபிடித்து, அதை ட்விட்டரில் சொன்னார். மற்ற பெற்றோரும் பொறியாளர்களும் கைகோத்து அதை ‘நைட்ஸ்கவுட்’ என்ற இலவச மென்பொருளாக வளர்த்தார்கள். “நாங்கள் காத்திருக்கப் போவதில்லை” என்பது அவர்களின் ஹேஷ்டேக்.

அதன் அடுத்த படி, அளவைப் பார்த்து இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு. சியாட்டிலில் தனியே வசித்த சர்க்கரை நோயாளி டானா லூயிஸ் அசந்து தூங்குபவர். கருவியின் அலாரம் அவரை எழுப்பப் போதவில்லை. அவர் ஸ்காட் லைப்ரண்ட், பென் வெஸ்ட் ஆகியோருடன் உருவாக்கிய ‘ஓப்பன்ஏபிஎஸ்’ 2015இல் பொதுவுக்கு வந்தது. கருவியாக விற்றால் அரசு அனுமதி வேண்டும். ஆகவே செய்முறையை மட்டும் வெளியிட்டார்கள். அவரவர் கருவியை அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும். இதற்குத் தோதாக இருந்தவை, வெளியிலிருந்து கட்டளையிட இடம்தரும் பாதுகாப்பு ஓட்டை கொண்ட பழைய இன்சுலின் பம்ப்புகள். நிறுவனம் குறை என்று திரும்பப் பெற்ற மாடல்களை இவர்கள் தேடி வாங்கினார்கள் என்பது மருத்துவக் கருவி வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. இவ்வகைத் திறந்தமூல முறையை நியூசிலாந்தில் 97 பேரிடம் முறையாகச் சோதித்தபோது, சர்க்கரை சரியான அளவில் நின்ற நேரம் ஒப்பீட்டுக் குழுவைவிட 14 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. 2022இல் இம்முடிவு வெளியானது.

கொரோனாக் காலத்தில் ஒரு நோயின் பெயரே நோயாளியிடமிருந்து வந்தது. இத்தாலியத் தொல்லியலாளர் எலிசா பெரேகோ 2020 மே மாதத்தில் ட்விட்டரில் இட்ட ‘லாங் கோவிட்’ என்ற ஹேஷ்டேகைப் பின்னர் மருத்துவ இதழ்களும் எடுத்துக்கொண்டன. லேசான தொற்று இரண்டு வாரங்களில் சரியாகிவிடும் என்று சொல்லப்பட்ட நாட்கள் அவை. ஸ்லாக் செயலிக் குழு ஒன்றில் சந்தித்த நோயாளிகள் சிலர் தாமே கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள். 56 நாடுகளின் 3,762 பேரிடமிருந்து 203 அறிகுறிகளைத் தொகுத்த அவர்களின் கட்டுரை 2021இல் வெளியானது. அதில் ஒரு குறை உண்டு: பதில் சொன்னோர் பெரும்பாலும் பெண்கள், வெள்ளையர், இணையத்தில் புழங்க வசதி உள்ளவர்கள். சீக்கிரம் குணமானவர்கள் இப்படியொரு படிவத்தைத் தேடி வரவும் மாட்டார்கள்.

தரவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் இம்முறையைத் தொடர்ந்து வருகிறது. பேஷன்ட்ஸ்லைக்மீ தன் உறுப்பினர்களின் தரவை, பெயர் நீக்கி, மருந்து நிறுவனங்களுக்கு விற்றே பிழைத்தது. அதை ஒளிக்கவும் இல்லை. 2017இல் சீன நிறுவனமான ஐகார்பன்எக்ஸ் அதில் பெரும்பங்கை வாங்கியது. அமெரிக்கர்களின் உடல்நலத் தகவல் வெளிநாட்டவர் கைக்குப் போகிறது என்று அமெரிக்க அரசு அந்தப் பங்கை விற்கக் கட்டாயப்படுத்தியது. 2019இல் தளத்தை வாங்கியது யுனைடெட்ஹெல்த் குழுமம். அது அந்நாட்டின் மிகப் பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்.